டீசல் எஞ்சினும் காற்றும்

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பிரம்மதேசம் என்னும் ஊர் உளது. விழுப்புரத்தை அடுத்து, எண்ணாயிரத்தின் அருகே, சோழர் காலத்துக் கோயில்களாற் பெயர்பெற்ற பிரம்மதேசம் வேறு, இது வேறு. இவ்வூரைச் சூழ்ந்த புலங்களில் நிலக்கடலையும் சவுக்கும் தர்ப்பூசணியும் விளைகின்றன. கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. முற்காலத்தில் இவற்றையெல்லாம் சுமந்தது மாட்டுவண்டி. இப்போது சுமப்பது பிக்கப் என்று வழங்கும் சிறு பாரவண்டி. மாடு நோயுற்றால் அதன் மூக்கையும் மூச்சையும் முதலிற் பார்ப்பது குடியானவர் வழக்கம். வண்டி நோயுற்றாலோ மூச்சைப் பாராமல் தீனியைக் கூட்டுகிறோம். இப்பிழையினால் என் சிற்றப்பா ஒரு தர்ப்பூசணிப் பருவம் முழுவதையும் இழந்தார். அவ்வண்டியை அவர் வீட்டு முற்றத்திலேயே பிரித்துச் செப்பனிட்டபோது யான் உடனிருந்து கற்றவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயரென்றே பலரும் எண்ணுவர். அஃது ஒரு மனிதரின் பெயர். ரூடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1858-இல் பாரிஸ் நகரிற் பிறந்தவர். தீப்பொறியின்றிக் காற்றை அமுக்குவதாலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் எஞ்சின் ஒன்றை எண்ணி, 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையிற் பல ஆண்டு பாடுபட்டு, 1897-இல் அதனைச் செவ்வையாக ஓட்டிக் காட்டினார். எரிபொருளின் உஷ்ணத்தில் நாலில் ஒரு பங்கிற்கு மேல் அவ்வெஞ்சின் வேலையாக மாற்றியது. நம் பக்கத்தார்க்கு மகிழ்ச்சி தரத்தக்க செய்தி ஒன்றுண்டு: 1900-இல் பாரிஸ் மாநகரிற் கூடிய உலகக் கண்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயைக் கொண்டு ஓட்டப்பட்டது. ஆயினும், செக்கில் ஆட்டிய எண்ணெயை இக்காலத்து வண்டியில் ஊற்றிப் பார்க்க எவரும் துணியவேண்டா. அவ்வெண்ணெய் தடித்தது, நாசிலின் நுண்ணிய துளைகளிற் கரிந்து அடைத்துக்கொள்ளும்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாக அழுத்தினால் அதன் அடிப்பாகம் சூடேறுவதை யாவரும் அறிவர். டீசல் எஞ்சினின் உயிர் இதுவே. பிஸ்டன் கீழிறங்கும்போது வெறுங்காற்று உள்ளே வருகிறது. மேலேறும்போது அக்காற்று அமுக்கப்பட்டு 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட சூட்டை அடைகிறது. அத்தருணத்தில் பம்ப் செலுத்தும் டீசல், நாசிலின் வழியே பனிப்புகை போற் சிதறித் தானே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோல் பொறி எழுப்பும் பிளக் இங்கில்லை. ஆகவே அமுக்கம் குறைந்தால் சூடு குறையும்; சூடு குறைந்தால் எரிதல் கெடும். மார்கழி விடியலில் வண்டி எழும்ப மறுத்து வெண்புகை கக்குவதன் காரணமும் பெரும்பாலும் இதுவேயாம்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டுப் பிக்கப் வண்டிகளிற் பரவலாக வந்த மகிந்திராவின் 2523 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர்கள் நான்கு. ஒவ்வொன்றின் குறுக்களவு 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 101.6 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டர்க்கு ஏறக்குறைய 631 கன சென்டிமீட்டர் கிடைக்கும். அமுக்க விகிதம் 18 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எஞ்சும் இடம் 37 கன சென்டிமீட்டரே. இரண்டரை மேசைக்கரண்டிக்குள் அடங்கும். இப்போது ஒருவர் வழக்கமானதைவிட 0.3 மில்லிமீட்டர் தடித்த ஹெட் கேஸ்கெட்டை வைத்துவிட்டார் என்க. எஞ்சும் இடம் 39 ஆகிறது, விகிதம் 17.2 ஆகத் தாழ்கிறது. மூன்று தாள்களின் தடிப்பளவு செய்த கேடு இது! கடையில் எந்தக் கேஸ்கெட் கைக்கு வருகிறதோ அதை வாங்கி மாட்டுவது தகாதென்பதை இக்கணக்கே உணர்த்தும்.

இனிக் காற்றின் அளவை நோக்குவோம். ஒரு கிலோ டீசல் முற்றும் எரிய 14.5 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 0.83 கிலோ. ஆதலின் ஒரு லிட்டர் டீசலுக்குப் பன்னிரண்டு கிலோ காற்று, அதாவது பதினாயிரம் லிட்டருக்குக் குறையாத காற்று தேவை. டீசல் எஞ்சின் தேவைக்கு மேற்பட்ட காற்றுடனேயே ஓடும் இயல்பினதாதலால், உண்மையில் உட்செல்வது இன்னும் மிகுதி. கோடைக்காலத்து மண்சாலைகளில் இத்துணைக் காற்றோடு எவ்வளவு புழுதி கலந்திருக்குமென்பதை நான் சொல்லவேண்டுவதில்லை.

நிற்க. சிற்றப்பாவின் வண்டி மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை கக்கிற்று. அதை ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்தவர் மூடியைத் திறந்தும் பாராமல், "பம்பில் ஒரு திருகு திருப்பினால் போதும் ஐயா, குதிரை போலப் போகும்" என்று கூறி, மிகுதியான டீசல் செல்லும்படி திருகைத் திருப்பிவிட்டார். பிறகு டர்போ ஒன்றும் பொருத்திக்கொள்ளலாமென யோசனையும் சொன்னார். வண்டி சில நாள் குதிரை போலவே சென்றது. கரும்புகை என்பது டீசல் குறைந்ததன் அடையாளமன்று, அதற்கேற்ற காற்று இல்லாததன் அடையாளம் என்பதை அந்நாளில் எங்களுள் எவரும் அறிந்திலேம். எரியாத டீசல் கரியாயிற்று. எரிந்தது அளவிறந்த சூடாயிற்று. சென்னை நெடுஞ்சாலையில் அச்சிறுபாக்கத்தருகே, தர்ப்பூசணிப் பாரத்தோடு, ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. ஹெட் கேஸ்கெட் எரிந்துவிட்டது. பழங்கள் சாலையோரத்திலேயே கிடைத்த விலைக்குப் போயின. வண்டிக் கடனின் தவணையோ பருவம் பார்த்து நிற்பதில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து முற்றத்தில் நிறுத்தியபின், சிற்றப்பாவின் பழைய நண்பரொருவர் வந்தார். நெடுங்காலம் அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அவர் ஸ்பானரை எடுக்குமுன் ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டேயிருந்தார். அப்பொறுமையே முதற்பாடம். பிறகு நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் கேஜ் வைத்து அளந்தார். அடுத்தடுத்த இரண்டில் மட்டும் அமுக்கம் தாழ்ந்திருந்தால் அவற்றிடையே கேஸ்கெட் எரிந்திருக்கும். நான்கிலும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். இவ்வண்டியில் இரண்டு குறைகளும் கூடியிருந்தன. கேஸ்கெட் எரிந்ததற்குக் காரணம் தெரியும். நான்கும் ஒருங்கே தேயக் காரணம் யாது?

அதை அவர் எஞ்சினுக்கு வெளியே கண்டுபிடித்தார். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் கிளிப் தளர்ந்து, குழாயின் அடிப்பக்கம் விரல் நீளம் கிழிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபில்டரை மாதந்தோறும் தட்டித் துடைத்தவர் சிற்றப்பா. ஆனால் புழுதி ஃபில்டரைத் தாண்டிய இடத்திலன்றோ நுழைந்தது! குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணி செம்மண் நிறமாயிற்று. சில ரூபாய் பெறுமான கிளிப்பு, ஆயிரக்கணக்கில் செலவு வைத்துவிட்டது. சிற்றப்பா அத்துணியை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

வீட்டிற் செய்யத்தக்கன எவை, தகாதன எவை என்பதை அப்பெரியவர் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார். எஞ்சினை இறக்குதல், பிரித்தல், கழுவுதல், அளத்தல், மீண்டும் பூட்டுதல் ஆகியவை முற்றத்தில் நடக்கலாம். சிலிண்டரைக் கடைதல், ஹெட்டின் முகத்தைச் சமன்செய்தல், பம்பையும் நாசிலையும் அளவுக்குக் கொண்டுவருதல் ஆகியவற்றுக்குத் திண்டிவனத்துக் கடைசல் பட்டறையும் பம்ப் நிலையமுமே கதி. எஞ்சினைத் தூக்க முற்றத்துப் புளியமரக் கிளை இருந்தும், அதை நம்பாமல் இரும்பு முக்காலி நட்டுச் செயின் பிளாக் மாட்டினார். தூக்கிய எஞ்சினின் கீழ் எவரையும் கைநீட்ட விடவில்லை.

பிரிக்கும்போது ஒவ்வொரு பேரிங் மூடியிலும் அதன் எண்ணும் முன்பக்கமும் குறிக்கப்பட்டன. ஒன்றின் மூடி மற்றொன்றுக்குப் பொருந்தாது. தேய்மானம் சிலிண்டரின் மேற்பகுதியில் மிகுந்திருந்தது. அங்கே விரல் நகத்திற் படும்படி ஒரு விளிம்பு எழுந்திருந்தது. புழுதி உண்ட எஞ்சினின் குறி இதுவென்றார். சிலிண்டர்கள் கடையப்பட்டு வந்ததும், புது ரிங் ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தோம். முனைகள் நெருங்கினால் சூட்டில் விரிந்து முட்டி ரிங் ஒடியும். விலகினால் அமுக்கம் கசியும். கையேட்டின் எண்ணே இங்கு நீதிபதி. பூட்டும்போது ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் நில்லாதபடி திருப்பி வைக்கவேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்ச் கொண்டே இறுக்கவேண்டும். கைப்பலத்தை நம்பி இறுக்கிய ஹெட் கோணிக்கொள்ளுமாம்.

ரேடியேட்டரிலிருந்து கல் போன்ற வெண்படிவு உதிர்ந்தது. கடற்கரைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உவர்நீரையே ஊற்றிவந்ததன் பலன் அது. அன்றுமுதல் அவ்வண்டிக்குக் கூலன்ட் ஒன்றே. உப்புப் பாரம் ஏற்றிய நாளில் அடிப்புறத்தை நன்னீரால் கழுவும் வழக்கமும் அப்போது வந்ததே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறாமற் செல்லலாகாது. பழைய பம்ப் கொண்ட எஞ்சின்களில், வேலை செய்யாத சிலிண்டரை அறிய ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் சற்றே தளர்த்திப் பார்ப்பதுண்டு. காமன் ரெயில் என்னும் புதுமுறை எஞ்சின்களில் இதை ஒருகாலும் செய்யலாகாது. அவற்றின் குழாய்களில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல்; வண்டிச் சக்கரத்தின் காற்றழுத்தமோ சில பார்களே. ஊசிமுனைத் தாரையாய்ப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குட் புகும். வெளிக்காயம் ஒரு புள்ளியளவே தோன்றும். உடனே அறுவை மருத்துவரிடம் செல்லாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரும். பழைய எஞ்சினின் நாசிலைச் சோதிக்கும்போதும் தாரையின் முன் கையை நீட்டுதல் கூடாது.

டர்போவைப் பற்றி ஒரு சொல். ஆல்ஃபிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, அதனுடன் இணைந்த மற்றொரு விசிறியாற் காற்றை உள்ளே நெருக்கும் கருவி இது. காற்றைக் கூட்டியபின் டீசலைக் கூட்டுவதாதலின் கொள்கையளவில் பழுதற்றது. ஆனால் டர்போவுக்கென வகுக்கப்பட்ட எஞ்சினில் பிஸ்டனைக் குளிர்விக்கும் எண்ணெய்த் தாரையும், உறுதியான பிஸ்டனும் பேரிங்கும், அதற்கிசைந்த அமுக்க விகிதமும் அமைந்திருக்கும். அவையின்றி விசிறியை மட்டும் மாட்டுவது, பலமற்ற காளைக்குப் பெருநுகம் பூட்டுவது போலாகும். சட்டமும் ஒன்றுண்டு: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் மாறுபடுமாறு வண்டியைத் தம் விருப்பம்போல் மாற்றுதல் தகாது. எஞ்சினையே மாற்ற எண்ணுவோர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் கேட்டறிவது நலம்.

சிற்றப்பா டர்போ வாங்கவில்லை. அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு புதுக்குழாயும், இரட்டைக் கிளிப்புகளும், டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் ஃபில்டரும் போட்டுக்கொண்டார். பம்பின் திருகு பழைய அளவுக்கே வந்தது. எஞ்சின் எழும்பிய காலையில், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார் பெரியவர். முன்பு புஸ்புஸ்ஸென்று புகை அடித்த இடத்தில் மெல்லிய மூச்சே இருந்தது. சில நாள் வெறுவண்டியாக ஓட்டி, எண்ணெய் மாற்றி, டேப்பட் இடைவெளியை மறுபடி பார்த்த பின்னரே பாரம் ஏற்றப்பட்டது. மரக்காணத்து உப்பு, அதுவும் பாதிப் பாரம்.