கடைசி பெஞ்சும் பேசட்டும்

வகுப்பில் கலந்துரையாடல் என்றாலே ஐந்தாறு பேர்தாம் பேசுகிறோம். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் பலர் வாய் திறப்பதே அபூர்வம். விடை தெரியாமலா? இல்லை, கூச்சம்தான்.

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனியே படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது பூசல் மூண்டது. எலியட் ஆரன்சன் என்னும் உளவியல் பேராசிரியர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் தரச் செய்தார். மற்றத் துண்டுகளைத் தோழர் வாயால் கேட்டால்தான் பாடம் முழுமையாகும். கேலி செய்தால் நமக்கே நஷ்டம்!

நாம் கோமுகி ஆற்றையே பாடமாகக் கொள்ளலாமே. மலையில் அது பிறப்பது ஒருத்திக்கு. கச்சிராயபாளையத்தருகே உள்ள அணை ஒருத்திக்கு. கரும்பு, நெல் வயல்கள் ஒருத்திக்கு. ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் தனியே கூடிப் பேசித் தெளிந்து, பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்ப வேண்டும். கூச்சமுள்ளவர்களுக்கு இந்த ஒத்திகைதான் பெரிய துணை. மலை ஓடைகளைப் பற்றி வெள்ளிமலைத் தோழியைவிட யார் நன்றாகச் சொல்வார்? தேர்வு மட்டும் தனித்தனியே. ஆகவே யாரும் சோம்பியிருக்க முடியாது.

சத்தம் சற்று அதிகமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியை பொறுத்தருள வேண்டும்!