தேடுவதற்கு முன் பெயர் வையுங்கள்



பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒப்படைத்த கணினியில் பல ஆண்டுக் கோப்புகள் குவிந்து கிடக்கும்: பழைய பேஜ்மேக்கர் கோப்பு, இன்டிசைன் கோப்பு, நாலைந்து விதமான அட்டை, ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேர்டு கோப்பு, அச்சகத்துக்குப் போன பிடிஎஃப், போகாத பிடிஎஃப். இந்தக் குவியலைப் பார்த்து மலைத்த யாரோ ஒருவர், 'எவரிதிங்' என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளச் சொல்லியிருப்பார். நானும் அதையே சொல்வேன். அதை நிறுவிவிட்டால் பிறகு எதையும் ஒழுங்குபடுத்தவே வேண்டாம் என்றும் அவர் சேர்த்துச் சொல்லியிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மென்பொருள் தேடுவது பெயர்களுக்குள். பெயர் வைத்தவர் எவ்வளவு யோசித்து வைத்தாரோ அவ்வளவுதான் அது திருப்பித் தரும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். விண்டோஸ் கணினியின் வட்டு பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்தது. 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த இந்த முறையில், வட்டிலுள்ள கோப்புகளுக்கெல்லாம் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற அட்டவணையில் பதிவு உண்டு. கோப்பின் பெயர் என்ன, எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். எவரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்காமல் நேரே அந்த அட்டவணையைப் படிக்கிறது. பத்து லட்சம் கோப்புகளைப் பட்டியலிட ஏறத்தாழ ஒரு நிமிடமும் 75 எம்பி நினைவகமும் போதும் என்கிறது அதைத் தயாரிக்கும் வாய்ட்டூல்ஸ். பெயர்ப் பட்டியலில் தேடும் யோசனை பழையது; யூனிக்ஸ் உலகில் 1983லேயே ஜேம்ஸ் வுட்ஸ் அதை எழுதி விளக்கிவிட்டார், லினக்ஸில் இன்றும் புழங்கும் 'லொக்கேட்' அந்த வழியில் வந்தது. பட்டியலை அவ்வப்போதுதான் புதுப்பிப்பார்கள், இடையில் சேமித்த கோப்பு அதில் அகப்படாது என்பது அதன் குறை. விண்டோஸ் 2000 முதல் என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களை உடனுக்குடன் ஒரு ஜர்னலில் குறித்து வைக்கிறது. எவரிதிங் அதைக் கவனித்துக்கொண்டே இருப்பதால் நீங்கள் சேமித்த மறுகணமே கோப்பு பட்டியலில் வந்துவிடும். வயல் வயலாக நடக்காமல் சிட்டாவைப் புரட்டிப் பார்ப்பது போன்ற காரியம் இது. சிட்டாவில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். என்ன பயிர் நிற்கிறது என்பதற்கு அடங்கல் வேண்டும்.

அப்படியானால் உள்ளடக்கத்தையே தேடும் மென்பொருளை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். டாக்ஃபெட்சர் போன்றவை அதைச் செய்கின்றன. விண்டோஸின் சொந்தத் தேடலும், 2005இல் மேக்கில் வந்த ஸ்பாட்லைட்டும் செய்கின்றன. எவரிதிங்கிலும் அந்த வசதி உண்டு, ஆனால் வழக்கமான அமைப்பில் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பதால் நேரம் பிடிக்கும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த வழி பெருமளவு கைகொடுக்கும். தமிழ்ப் பதிப்பகத்துக் கணினியில் நிலைமை வேறு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் 'அம்மா' என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச் என்று கிடக்கிறது. நீங்கள் யூனிகோடில் அம்மா என்று தட்டித் தேடினால் கணினிக்கு இரண்டுக்கும் எந்த உறவும் தெரியாது. எழுத்துருக் குடும்பத்துக்கு ஒரு குறியாக்கம் என்று எத்தனையோ இருந்த காலத்தில் உருவான கோப்புகள் அவை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது ஓடாத மென்பொருள்களுக்காக டேஸ் 16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. அதனால் அதற்கு முந்தைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. பிந்தைய காலத்திலும் பழைய எழுத்துருவை விடாத மேசைகள் பல. யூனிகோடில் அமைத்த பிடிஎஃப்கூட எப்போதும் ஒழுங்காகப் பிடிபடுவதில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் தள்ளப்பட்டு, உள்ளே இருக்கும் சொல் குலைந்து கிடப்பதுண்டு. ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம். அதில் தேட எழுத்தே இல்லை. ஆக, தமிழ்க் கோப்பு பலவற்றில் யூனிகோடுத் தேடலுக்கு எட்டும்படி வெளியே தெரிவது அதன் பெயர் ஒன்றுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தக் குறைகளெல்லாம் தற்காலிகமானவை; தமிழ் எழுத்துணரி மேம்பட்டு வருகிறது, பழைய குறியாக்கங்களை மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, நாளைக்குச் செயற்கை நுண்ணறிவு எல்லாக் கோப்பையும் படித்துப் பொருளறிந்து எடுத்துக் கொடுக்கும், பெயருக்காக இன்று ஏன் மெனக்கெட வேண்டும்? முன்பாதியை ஒப்புக்கொள்கிறேன். பின்பாதியில்தான் இடறல். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு ஆறு பிடிஎஃப் இருக்கிறது என்று வையுங்கள். ஆறிலும் அதே பதினான்கு கதைகள். இரண்டாவதில் ஒரு பத்தி கூடுதல், நான்காவதில் பக்க எண் திருத்தம், ஐந்தாவதில் ஆசிரியர் சேர்க்கச் சொல்லி மறுநாளே எடுக்கச் சொன்ன முன்னுரை. உள்ளடக்கத்தை எவ்வளவு நுட்பமாகப் படித்தாலும் இந்த ஆறில் எது அச்சுக்குப் போனது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அந்தச் செய்தி கோப்புக்குள் இல்லை. ஒரு தொலைபேசி உரையாடலில் இருந்தது, பிறகு உங்கள் ஞாபகத்தில் இருந்தது. தேதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் உதவாது. யாராவது ஒருவர் பழைய கோப்பைத் திறந்து, தெரியாமல் சேமித்து மூடினாலே போதும், திருத்திய தேதி இன்றைக்கு வந்துவிடும். கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியாததை அதன் பெயரில் நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். மறுபதிப்பு வேண்டும் என்று மூன்று ஆண்டு கழித்து ஒருவர் கேட்கும்போது இதன் அருமை தெரியும். கோப்புகளை மனிதர் ஒழுங்குபடுத்தும் வேலையைக் கணினிக்கே விட்டுவிடப் பெரிய நிறுவனங்கள் முயன்றதுண்டு. கோப்பு முறையையே தரவுத்தளமாக மாற்றப் பார்த்த மைக்ரோசாஃப்டின் வின்எஃப்எஸ் திட்டம் 2006இல் கைவிடப்பட்டது. 2004இல் வந்த கூகுள் டெஸ்க்டாப் 2011இல் நிறுத்தப்பட்டது. அவற்றின் முடிவுக்கு வணிகக் காரணங்களும் உண்டு. ஆகவே இதை நிரூபணமாகக் கொள்ள வேண்டாம். வரப்போகும் கருவியை நம்பி இன்றைய பொறுப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு மட்டும் இது போதும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். ஆண்டு, ஆசிரியர், நூல் என்று ஃபோல்டர் போட்டு அடுக்கிவிட்டால் தேடலே வேண்டாமே என்பார்கள் மூத்தவர்கள். அவர்கள் சொல்வதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 1995இல் டெபோரா பரோ, போனி நார்டி இருவரும் கணினிப் பயனாளிகளைக் கவனித்தபோது, தேடுவதைவிட இடத்தை நினைவில் வைத்துப் போய் எடுப்பதையே மக்கள் விரும்பினார்கள். தேடல் மென்பொருள்கள் வேகமெடுத்த பிறகு இது மாறியிருக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். ஓஃபர் பெர்க்மனும் ஸ்டீவ் விட்டேக்கரும் சகாக்களுடன் 2008இல் வெளியிட்ட ஆய்விலும் விருப்பம் அதிகம் மாறவில்லை. வைத்த இடம் மறந்துபோனபோதுதான் பெரும்பாலோர் தேடலுக்குப் போனார்கள். எனவே ஃபோல்டரை ஒழிக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் பேசுவது தன் கோப்பைத் தானே அடுக்கியவரைப் பற்றி. உங்கள் மேசையில் இருப்பவை இன்னொருவர் அடுக்கியவை. அவர் மனத்திலிருந்த வரைபடம் அவரோடு போய்விட்டது. மேலும் ஒரு கோப்பு வழக்கமாக ஒரு ஃபோல்டரில்தான் இருக்கும். ஓர் அட்டை ஓவியம் ஓவியர் பெயரில் இருக்க வேண்டுமா, நூல் பெயரில் இருக்க வேண்டுமா என்ற வழக்கு தீராது. பெயரில் இரண்டையும் போட்டுவிட்டால் வழக்கே இல்லை. ஃபோல்டரை இரண்டு, மூன்று அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்ச விவரத்தைப் பெயர் சுமக்கட்டும்.

பெயர் வைப்பதில் எவரிதிங்கின் ஓர் இயல்பு உங்களுக்குச் சாதகம். இடைவெளி விட்டுத் தட்டும் சொற்கள் எந்த வரிசையில் இருந்தாலும், அத்தனையும் உள்ள பெயர்களை அது காட்டும். ஆகவே பெயரைத் தனித்தனிச் சொற்களாக வையுங்கள்: தேதி, நூலின் குறும்பெயர், என்ன பொருள், எந்த நிலை. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும்; சாய்கோடு விண்டோஸ் பெயரில் ஏற்காது, சிறுகோடு போடுங்கள். 'ஃபைனல்' என்ற சொல்லை அலுவலகத்திலிருந்தே விரட்டிவிடுங்கள். இருப்பதிலேயே அதிகம் பொய் சொல்லும் சொல் அது. ப்ரூஃப் 1, ப்ரூஃப் 2 என்று போகட்டும். 'அச்சு' என்ற சொல் அச்சகத்துக்குப் போன அந்த ஒரு படிக்கு மட்டும். இனித் தமிழுக்கே உரிய பொறிகள். ஔவையை ஒருவர் ஔகார எழுத்தால் அடிப்பார், இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பேற்றுவார். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் ஒரே துணைக்குறியாலும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒன்றைத் தேடும்போது மற்றது விடுபடக்கூடும். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துத் தப்பிக்கலாம் என்று பார்த்தால் அங்கே ழகரம் காத்திருக்கிறது: இசட்-எச் போடுபவர் ஒருவர், வெறும் எல் போடுபவர் ஒருவர். பின்னவர் கையில் மழையும் மலையும் ஒன்றாகிவிடும். இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றுதான். ஒவ்வொரு நூலுக்கும் குறும்பெயரை ஒரு முறை முடிவு செய்து ஒரு பட்டியலில் எழுதுங்கள். பிறகு யாரும் அதைப் புதிதாக அடிக்கக் கூடாது, பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்ட வேண்டும். வேலைக் கோப்புக்கு யூனிகோடுத் தமிழ்ப் பெயரே நல்லது என்பது என் தீர்ப்பு. வெளியே போகும் கோப்புக்கு மட்டும், பழைய ஜிப் மென்பொருள் ஏதாவது தமிழைச் சிதைக்கலாம் என்பதால், அதே பட்டியலில் ஓர் ஆங்கில எழுத்து வடிவமும் இருக்கட்டும்.

தேடும் கருவி சட்டென்று நிர்வாகக் கருவியாக மாறும் இடத்தில் நிதானம் தேவை. எவரிதிங்கில் தெரிவது நகல் பட்டியல் என்று எண்ணி ஒரு வரியை அழித்தால், அழிவது அசல் கோப்பு. ஒரே பெயருள்ள கோப்புகளை அது வரிசைப்படுத்திக் காட்டும். பெயர் ஒன்று என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று ஆகாது, அளவு ஒத்திருந்தாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது. திறந்து பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒரே மூச்சில் பெயர் மாற்றும் வசதியும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவரின் உற்சாகத்துக்கு அது பெரிய சபலம். இன்டிசைன் பக்கத்தில் வைத்த படம் வெளியே உள்ள கோப்போடு பெயராலும் பாதையாலும் கட்டப்பட்டிருக்கிறது. படத்தின் பெயரை மாற்றினால் பக்கத்தைத் திறக்கும்போது இணைப்பு அறுந்து நிற்கும். பழைய நூல்களைத் தொடாதீர்கள். புதிய விதி இன்று தொடங்கும் வேலைக்கு. பழையது மறுபதிப்புக்கு வரும்போது அந்த ஒன்றை மட்டும் சரி செய்தால் போதும்.

இன்னும் சில செய்திகள், சுருக்கமாக. இந்த மென்பொருள் தானாகப் பட்டியலிடுவது கணினிக்குள் உள்ள என்டிஎஃப்எஸ் வட்டுகளை. பென் டிரைவும் நெட்வொர்க்கில் உள்ள வட்டும் நீங்கள் அமைப்பில் சேர்க்காதவரை வராது. 'கிடைக்கவில்லை' என்று முடிவு கட்டுமுன் தேடிய எல்லைக்குள் அது இருந்ததா என்று பாருங்கள். கழற்றி வைக்கும் வட்டுக்கு அதன் பெயர்ப் பட்டியலை மட்டும் சேமித்து வைக்கும் வசதி உண்டு. அலமாரியில் பல வட்டு வைத்திருக்கும் பதிப்பகத்துக்கு இது பெரிய உதவி. பலர் உட்காரும் கணினியாக இருந்தால், மற்றவர் கணக்கில் உள்ள கோப்பின் உள்ளடக்கம் திறக்காவிட்டாலும் அதன் பெயர் தேடலில் தெரியக்கூடும் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சம்பள விவரத்தைப் பெயரிலேயே எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது கடைசி மறுப்பு, நேர்மையான மறுப்பும்கூட. புத்தகக் கண்காட்சிக்கு முந்தைய மார்கழியில் எந்தப் பதிப்பகத்திலும் யாரும் நிதானமாக உட்கார்ந்து பெயர் யோசிப்பதில்லை. அதனால்தான் யோசனையை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. குறும்பெயர்ப் பட்டியலையும் நிலைச் சொற்களையும் வேலை குறைவான ஒரு வாரத்தில் ஆசிரியர் குழுவோடும் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புபவரோடும் உட்கார்ந்து முடிவு செய்து, ஒரே தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள். மென்பொருளை அதற்கு மறுநாள் நிறுவிக்கொள்ளலாம்.