தேடுவோர் கண்ணில் படுதல்

பணிமாற்றத்தால் போபாலுக்கு வந்த ஒரு குடும்பம், தம் பிள்ளைக்குத் தமிழ்க் கதைநூல்கள் கிடைக்குமா என்று இணையத்தில் தேடுகிறது எனக் கொள்வோம். அதே நகரில் தமிழ் நூல்களைத் தம்முள் மாற்றிப் படிக்கும் இணையக் குழு ஒன்று உள்ளது. ஆயினும் அது அவர்களுக்குத் தென்படவில்லை. குழுவின் பெயர் ‘தேன்துளி’. ஊரும் நோக்கமும் முகப்பிலுள்ள அழகிய படத்துக்குள் எழுதப்பட்டுள்ளன. குறை எங்கே உள்ளது?

நாம் வினவும் நொடியில் தேடுபொறி உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. வலைச்சிலந்தி எனப்படும் நிரல், ஓர் இணைப்பைப் பற்றி மற்றொன்றுக்குச் சென்று, பக்கங்களை முன்னரே படித்துவைக்கிறது. எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என்பது, நூலின் இறுதியில் காணும் சொல்லடைவைப் போலத் தொகுக்கப்படுகிறது. ‘போபால்’, ‘தமிழ்’, ‘கதைநூல்’ ஆகிய சொற்கள் எழுத்தாக இல்லாத பக்கம், அவற்றைத் தேடுவோர்க்குக் கிட்டுவது அரிது. படத்திலுள்ள எழுத்தைப் பொறி எப்படியும் படித்துவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது. ‘தேன்துளி’ என்னும் பெயரோ தேன் வாங்க விரும்புவோரையே அழைத்துவரும்! ‘தேன்துளி: போபால் தமிழ்க் கதைநூல் பரிமாற்றக் குழு’ என்று தலைப்பை விரித்தெழுதினால் பெயரும் நிற்கும், பொருளும் விளங்கும்.

தமிழுக்கு வேறு சில இடர்களும் உண்டு. ‘மரம்’ என்னும் சொல் வேற்றுமை ஏற்கும்போது ‘மரத்தை’, ‘மரத்தில்’ எனத் திரிகிறது. ஆகவே முதன்மையான சொல்லை உருபு ஏற்காத வடிவிலும் ஓரிடத்தில் எழுதுதல் நன்று. பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகின்றனர்; ஊர்ப்பெயரையேனும் அவ்வெழுத்திலும் தருவதில் இழுக்கில்லை. பழைய எழுத்துருக்கள் பலவற்றில், திரையில் தமிழாகத் தோன்றுவது கணினிக்குள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே இருக்கும். ஒருங்குறியில் மாற்றி எழுதாதவரை, அத்தகைய எழுத்தில் உள்ள அரிய கட்டுரையும் தமிழில் தேடுவோர்க்கு அகப்படுவதில்லை.

ஒரே பொருளைப் பலர் பல பெயரால் தேடுவதற்கு, 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா நல்ல வழி ஒன்றைக் கையாள்கிறது. ‘திருச்சி’ என்று தேடுபவரும் ‘திருச்சிராப்பள்ளி’ என்னும் கட்டுரையையே சென்றடைவார். இதற்கு ‘வழிமாற்று’ என்று பெயர். நாம் வைத்த பெயரையே பிறரும் அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்க்காத பணிவு இதில் உள்ளது.

சொல் மட்டும் போதாது. பிறர் சுட்டவும் வேண்டும். 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கிய லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும், ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளைக் கொண்டு அதன் சிறப்பை மதிப்பிடும் முறையை வகுத்தனர். நகரின் தமிழ்ச் சங்கமும் நூலகமும் தத்தம் பக்கங்களில் நம் குழுவுக்கு இணைப்புத் தருமாயின், சிலந்தி வர வழி பிறக்கும், மதிப்பும் கூடும். இதை விடுத்து, ‘தமிழ் நூல்’ என்பதையே நூறு முறை எழுதிவைத்தல் வீண்முயற்சி. அத்தகைய பக்கங்களைத் தேடுபொறிகள் பின்னுக்குத் தள்ளுகின்றன.

உறுப்பினர் மட்டுமே நுழையக்கூடிய பகுதியைச் சிலந்தி படிக்க இயலாது. எனவே நூல்களின் பட்டியல் அனைவரும் காணும் இடத்திலும், உறுப்பினரின் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் பூட்டிய பகுதியிலும் இருத்தல் வேண்டும்.

பயிற்சி

1. ‘தேன்துளி’ குழு தேடுவோர்க்குத் தென்படாமைக்குரிய காரணங்களை எழுதுக.
2. குளம், ஆறு, வீடு: இச்சொற்கள் ‘ஐ’, ‘இல்’ ஆகிய உருபுகளை ஏற்கும்போது அடையும் வடிவங்களைத் தருக.
3. உம் பள்ளித் தமிழ் மன்றத்துக்கு, தேடுவோர் எளிதில் கண்டறியுமாறு, ஒரு தலைப்பும் மூன்று வரி அறிமுகமும் எழுதுக.