இன்சுலின் போடும் பிள்ளையோடு வீடு திரும்பும்போது

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளால் நுவரெலியா மாவட்டத்தில் பல தோட்டக் குடும்பங்கள் லயங்களை விட்டு வெளியேறின. இப்போது உடப்புசல்லாவைக்குத் திரும்பும் உங்களுக்கு வீட்டைத் துப்புரவாக்குவது, ஆவணங்களைத் தேடுவது, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது என்று வேலை நிறைய இருக்கும். வீட்டில் நீரிழிவு உள்ள பிள்ளை இருந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: இன்சுலின் ஒரு நாளும் நிற்கக்கூடாது. அதற்கு, ஊசி போடத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

இது என்ன நோய்?

பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முதலாம் வகை நீரிழிவு. இதில் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. இனிப்புத் தின்றதால் இது வருவதில்லை. பெற்றோரின் பிழையும் அல்ல, மற்றவர்களுக்குத் தொற்றுவதும் இல்லை. 1922ஆம் ஆண்டு கனடாவின் டொரொன்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் அதிக காலம் உயிர்வாழவில்லை. இன்று ஒழுங்காக ஊசி போடும் பிள்ளை படிக்கலாம், விளையாடலாம், வேலைக்குப் போகலாம். பாவற்காய்ச் சாறோ கொத்தலஹிம்புட்டுக் கோப்பைத் தண்ணீரோ இன்சுலினுக்கு ஈடாகாது.

வந்த முதல் வாரம்

கிளினிக் கொப்பி மண்ணோடு போயிருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் இன்சுலின் இலவசம். மருந்துப் போத்தலையோ அதன் பெட்டியையோ கொண்டுபோய், காலை எத்தனை அலகு, மாலை எத்தனை அலகு என்று சொல்லுங்கள்.

முகாமில் பிள்ளை அதிகம் நடந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் மேடு ஏறுவதும் தண்ணீர் சுமப்பதும் மண் அள்ளுவதும் தொடங்கும். உடல் உழைக்கும்போது இரத்தச் சீனி இறங்கும். ஆகவே பழைய அளவு இப்போதும் சரியா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கருவி இருந்தால் முதல் வாரத்தில் வழக்கத்தைவிட அடிக்கடி சீனியைப் பாருங்கள்.

உறவினர் இந்தியாவிலிருந்து இன்சுலின் அனுப்பினால் கவனம். அங்கே 40 என்று குறித்த போத்தல்களும் உண்டு. இங்கே கிளினிக்கில் கிடைப்பது 100. போத்தலில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் அளவு தவறிவிடும்.

மருந்தைப் பாதுகாப்பது

குளிர்சாதனப் பெட்டி இல்லையென்று கவலைப்பட வேண்டாம். பாவிக்கத் தொடங்கிய போத்தலை வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் நான்கு வாரம் வரை வைக்கலாம். ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் சிறிய மண்பானையை வைத்து, அதனுள் போத்தலை நனையாதபடி மூடி வைத்தால் இன்னும் நல்லது. தகரக் கூரைக்கு அருகில் வைக்க வேண்டாம். திறக்காத போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தரும்படி தோட்ட வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். உறைந்த மருந்தையும் வெள்ளத்தில் கிடந்த மருந்தையும் பாவிக்கக் கூடாது. பாவித்த ஊசிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்துக் கிளினிக்கில் ஒப்படையுங்கள். கானில் போட்டால் வெறுங்காலோடு நடப்பவரைக் குத்தும்.

யார் போடுவது?

அம்மா காலையில் பிரட்டுக்குப் போக வேண்டும். அப்பா கொழும்பில் வேலை செய்யலாம். அப்படியானால் அம்மாயியோ பெரியம்மாவோ அக்காவோ ஊசி போடக் கற்றுக்கொள்ளட்டும். கிளினிக் தாதியிடம் கேட்டால் காட்டித் தருவார். வயிறு, தொடை, மேற்கை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்து மருந்து சரியாகச் சேராது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை தானே போட்டுக்கொள்ளலாம். என்றாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். இந்த வயதில் வெட்கத்தாலும் சலிப்பாலும் ஊசியைத் தவிர்ப்பதுண்டு. ஏசாமல், "இன்றைக்கு நான் போட்டு விடட்டுமா?" என்று கேளுங்கள். பெண் பிள்ளை வயதுக்கு வந்து தனியே இருக்கும் நாட்களிலும் ஊசி நிற்கக் கூடாது. அப்போது கொடுக்கும் உளுந்தங்களியில் சீனியோ கருப்பட்டியோ சேரும் என்பதால் முன்கூட்டியே கிளினிக்கில் ஆலோசனை கேளுங்கள்.

ஆபத்தை அறியுங்கள்

*சீனி இறங்கினால்:* வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, கோபம், தடுமாற்றம். உடனே மூன்று தேக்கரண்டி சீனியை (சிறு பிள்ளைக்கு இரண்டு) கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்த பின் ரொட்டியோ பிஸ்கட்டோ கொடுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பாடசாலைப் பையில் எப்போதும் சீனிப் பொட்டலம் இருக்கட்டும்; வகுப்பாசிரியருக்கும் சொல்லி வையுங்கள்.

*சீனி மிகவும் ஏறினால்:* வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை, தூக்கக் கலக்கம். இதை வெறும் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சலில் சாப்பிடாத பிள்ளைக்கும் இன்சுலின் வேண்டும். "சாப்பிடவில்லை, ஊசியும் வேண்டாம்" என்று விட்டுவிடுவதால்தான் பல பிள்ளைகள் ஆபத்துக்குள்ளாகிறார்கள். எவ்வளவு போடுவது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

நோய் இருப்பதே தெரியாத பிள்ளைகளும் உண்டு. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் வருவது, உடல் மெலிவு, களைப்பு ஆகியவை தெரிந்தால் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், அன்றே இரத்தச் சீனி பார்க்கச் சொல்லுங்கள்.

இன்று இரவு வீட்டில் பேசுங்கள்

1. அம்மா இல்லாத நேரத்தில் ஊசி போடுவது யார்?
2. இன்னும் எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது? அடுத்த கிளினிக் எப்போது?
3. மழையில் மறுபடி வெளியேற வேண்டி வந்தால் இன்சுலின், ஊசி, கொப்பி, சீனி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஓடுவது யார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்ததும், அந்த நான்கையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள்.