உளுந்துக்கு ரங்கூனை மட்டும் நம்பலாமா?

அப்பளம், முறுக்கு, இட்லி மாவு தயாரிக்கும் சிறு தொழில் அன்பர்களுக்கும், அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் நம் மளிகை வணிகர்களுக்கும் உளுந்துதான் மூலாதாரம். நாடு இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி பர்மாச் சரக்கு. (கொண்டுவிற்கப் பர்மா சென்ற பெரியவர்கள் வாழ்ந்த செட்டிநாட்டை ஒட்டியிருக்கும் பொன்னமராவதிக்கு ரங்கூன் புதிய பெயரல்ல.) 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உளுந்து இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதித்தது, 2021 மே மாதம் அதை விலக்கியது. அதே 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டெல்லியில் ஓர் உத்தரவு வந்தாலும், ரங்கூனில் ஒரு குழப்பம் நேர்ந்தாலும் நம் சந்தையில் விலை ஆடுகிறது. பெரிய ஆலைக்காரர் இருப்பை வைத்துச் சமாளிப்பார். வாரம் இரண்டு மூட்டை வாங்கித் தொழில் நடத்துபவர் வேலையாட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பயறு வகைகளுக்கென்றே உள்ள தேசிய ஆராய்ச்சி மையம் நம் மாவட்டத்து வம்பனில்தான் இருக்கிறது. அங்கு உருவாகி 2016-இல் வெளிவந்த வம்பன் 8 உளுந்து, மஞ்சள் தேமல் நோயைத் தாங்கி 65 முதல் 75 நாட்களில் அறுவடைக்கு வரும். தஞ்சை, திருவாரூர், நாகை பகுதிகளில் சம்பா அறுவடைக்குச் சற்று முன் தை மாதத்தில் தெளிக்கும் நெல் தரிசு உளுந்து, பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருகிறது. வாங்க வேண்டிய காலம் அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

உள்ளூர்ச் சரக்கென்றால் சுத்தமாக இருக்கும் என்பது வெறும் பேச்சு. களத்து மண்ணும் கல்லும் அதில்தான் அதிகம். சலித்து, காயவைத்து, உடைத்துத் தோல் நீக்கினால் நூறு கிலோவுக்கு எழுபது, எழுபத்தைந்து கிலோ பருப்புதான் தேறும். களத்து விலையோடு கழிவு, உடைகூலி, லாரி வாடகை எல்லாம் கூட்டி, பருப்பு அடக்க விலையைப் பர்மாச் சரக்கோடு ஒப்பிட வேண்டும். ஈரம் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரண்டே மாதத்தில் வண்டு துளைத்துவிடும். ரகம் மாறினால் மாவு தண்ணீர் பிடிப்பதும் மாறும். ஆகவே ஐந்து கிலோ அரைத்து, அப்பளம் இட்டுப் பொரித்துப் பார்த்த பிறகே மூட்டைக் கணக்கில் பேசுங்கள்.

பர்மாச் சரக்கை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுத் தேவையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளூரில் பிடித்து வைத்தாலே, கப்பல் தாமதிக்கும் மாதங்களில் மூச்சு விடலாம். தனி ஒருவருக்குப் பத்து மூட்டைக்காக டெல்டா வரை லாரி பேசுவது கட்டாது. நான்கைந்து தயாரிப்பாளர்கள் சேர்ந்து மொத்த வியாபாரி ஒருவர் மூலம் ஒரே லோடாக எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் கேட்கும் வியாபாரியிடம் உரிமம் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, களத்து விவசாயி முப்பது நாள் கடன் தரமாட்டார், கையில் காசு கேட்பார். மாசி மாதமே பணத்தைத் திரட்டி வைத்தவருக்குத்தான் பங்குனியில் நல்ல சரக்கு கிடைக்கும்.