ஒரே கணிப்பொறியில் இருவகைச் சேமிப்புத் தட்டுகள்

பல ஆண்டுகளாக உழைத்துவரும் ஹார்டு டிஸ்க் ஒன்று வீட்டுக் கணிப்பொறியில் இருக்கும்போது, அதனுடன் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றையும் சேர்த்து அமைக்கலாமா என்னும் கேள்வி பலருக்கு எழுகிறது. சேர்த்து அமைக்கலாம் என்பதே விடை. ஆயினும், எவ்வாறு சேர்ப்பது என்பதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன. மழையளவுப் பதிவுகள், பயிர்களின் புகைப்படங்கள், மாணவர் மதிப்பெண்கள் முதலியவற்றைத் தம் கணிப்பொறியிலேயே வைத்திருக்கும் களப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது வேகத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. பல்லாண்டு உழைப்பின் பாதுகாப்பைப் பற்றியதும் ஆகும்.

இருவகைகளின் இயல்பு

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் காந்தத் தட்டு. இதன் முன்னோடியை ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எனினும் அது ஏந்தியது 50 லட்சம் எழுத்துக்களை மட்டுமே. இன்றைய தட்டு உள்ளங்கை அளவே உள்ளதாயினும் வேலை செய்யும் தத்துவம் மாறவில்லை. தட்டு சுழல்கிறது, நுண்ணிய தலை ஒன்று அதன்மேல் இங்குமங்கும் நகர்ந்து காந்தக் குறிகளைப் படிக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. சிலிக்கான் சில்லுகளிலுள்ள நுண்ணறைகளில் மின்னேற்றமாகச் செய்தி தேக்கிவைக்கப்படுகிறது.

இவ்வேறுபாட்டின் விளைவை எளிய கணக்கால் அறியலாம். நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் தலையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி, காத்திருக்க வேண்டும். தலை நகர்வதற்கு மேலும் 8 மில்லி விநாடி அளவில் ஆகும். ஆக, சிதறிக் கிடக்கும் 20,000 சிறு கோப்புகளைத் தேடுவதற்கு மட்டும் நான்கு நிமிஷம் செல்லும். தேடும் நேரம் 0.1 மில்லி விநாடியாக உள்ள எஸ்.எஸ்.டி.யில் இதே வேலை இரண்டு விநாடியில் முடியும். மாறாக, தொடர்ச்சியாக எழுதப்பட்ட நீண்ட சலனப்படம் ஒன்றை ஓட்டிக் காண்பதற்குச் சுழல் தட்டின் வேகமே போதும். அதே விலைக்கு அதிக இடம் தருவதும் அதுவே.

இணைக்கும் முறை

மூன்றரை அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட், 5 வோல்ட் ஆகிய இருவகை மின்சாரமும் வேண்டும். இரண்டரை அங்குலத் தட்டுக்கு 5 வோல்ட் போதும். இவை பெரும்பாலும் ‘சாட்டா’ என்னும் இணைப்பின் வழியே பொருத்தப்படுகின்றன. இவ்விணைப்பில் எஸ்.எஸ்.டி.யும் விநாடிக்கு 550 மெகாபைட் அளவைத் தாண்டாது. தாய்ப்பலகையில் நேரே செருகப்படும் ‘எம்.2’ வகையில் ‘என்.வி.எம்.இ.’ முறையைக் கையாளுபவை இதனினும் பன்மடங்கு விரைவானவை. ஆனால், எம்.2 செருகுவாய் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில பலகைகளில் அதைப் பயன்படுத்தினால் சாட்டா வாய்களில் ஒன்று செயலற்றுப் போகும். ஆகவே, வாங்குமுன் பலகையின் கையேட்டைப் பார்த்தல் அவசியம்.

வேலைப் பங்கீடு

இரண்டையும் தனித்தனித் தட்டுகளாகவே வைத்து, அததன் இயல்புக்கேற்ற வேலையைத் தருவதே சிறந்த முறை. இயக்க அமைப்பும் அன்றாடம் பயன்படும் நிரல்களும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும்; படங்கள், ஒலிப்பதிவுகள், பழைய ஆவணங்கள் சுழல் தட்டில் இருக்கட்டும்.

இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவும்போது சுழல் தட்டின் இணைப்பைக் கழற்றி வைத்தல் நலம். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, தவறான தட்டைத் தேர்ந்தெடுத்து அதிலுள்ளவற்றை அழித்துவிடும் அபாயம் நீங்குகிறது. இரண்டாவது, கணிப்பொறியைத் தொடக்கும் கோப்புகள் பழைய தட்டில் போய் அமைவதில்லை. அவ்வாறு அமைந்துவிட்டால், பின்னொரு நாள் பழைய தட்டு பழுதாகும்போது நல்ல நிலையிலுள்ள புதிய தட்டிலிருந்தும் கணிப்பொறி தொடங்காது. கழற்றுவதும் மாட்டுவதும் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே செய்யத்தக்கவை.

இரண்டையும் ஒன்றாக்கலாமா?

பல தட்டுகளை ஒரே தட்டுபோல் தோன்றச் செய்யும் ‘ரெய்டு’ முறைகளை விளக்கிய கட்டுரை 1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியாயிற்று. அளவிலும் வேகத்திலும் ஒத்த தட்டுகளுக்கே இவை ஏற்றவை. 250 கிகாபைட் எஸ்.எஸ்.டி.யையும் 1,000 கிகாபைட் சுழல் தட்டையும் கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்போம். செய்தியைக் கூறுபோட்டு இரண்டிலும் மாறிமாறி எழுதினால் கிடைக்கும் இடம் 500 கிகாபைட். வேகமோ மெதுவான தட்டைச் சார்ந்தே நிற்கும். ஒரே செய்தியை இரண்டிலும் எழுதினால் இடம் 250 கிகாபைட். எழுதும் வேகம் அப்போதும் சுழல் தட்டினுடையதே.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஓராண்டில் ஒவ்வொரு தட்டும் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 5 என்று கொள்வோம். கூறுபோடும் முறையில் எந்த ஒன்று பழுதானாலும் முழுவதும் இழப்பாகும். இரண்டும் பழுதின்றி இருக்கும் வாய்ப்பு 0.95 × 0.95, அதாவது 0.9025. ஆகவே, இழப்பின் வாய்ப்பு நூற்றுக்கு 5-லிருந்து ஏறத்தாழ 10 ஆக உயர்கிறது.

காப்புப் பிரதி

ஒரே பெட்டியில் இரு தட்டுகள் இருப்பது காப்பு ஆகாது. மின்னழுத்த மிகைப்பு, இடி, திருட்டு ஆகியவை இரண்டையும் ஒருங்கே தாக்கக்கூடும். சுழல் தட்டு பழுதாகுமுன் சில வேளைகளில் ‘டிக் டிக்’ என ஒலித்து எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் ஓசையின்றியே நின்றுவிடும். எஸ்.எஸ்.டி.யில் அழித்த கோப்பை மீட்பதும் அரிது. மேலும், மின்சாரமின்றி நெடுங்காலம் வெப்பமான இடத்தில் கிடந்தால் அதன் மின்னேற்றம் மெல்லக் கசியும். ஆதலால், அலமாரியில் பூட்டிவைக்கும் ஆவணங்களுக்கு அது உகந்ததன்று. முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். பிரதியைத் திறந்து பார்த்துச் சரியென உறுதிசெய்த பின்னரே பழைய தட்டை அழிக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில் அரைச்சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடுக.

2. மூன்று தட்டுகளைக் கூறுபோடும் முறையில் இணைத்தால் இழப்பின் வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொன்றும் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 5 எனக் கொள்க.

3. தம் பள்ளியின் அல்லது நிலையத்தின் பதிவுகளுக்கு எத்தனை பிரதிகள் உள்ளன, அவை எங்கெங்கே உள்ளன என்று பட்டியலிடுக.