மிதித்தால் இரையும் கார்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களின் கார்கள் இரவும் பகலும் உப்புக் காற்றில்தான் நிற்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கார் இரையத் தொடங்கினால், பக்கத்து வீட்டுக்காரர் முதல் பெட்ரோல் பங்க் ஊழியர் வரை ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றில் சில பணத்தை வீணாக்கும். ஒன்று உயிருக்கே உலை வைக்கும்.

நம்பிக்கை 1: சத்தம் கூடினால் சைலன்சர் ஓட்டைதான்.

உண்மை: சைலன்சர் பல காரணங்களில் ஒன்றுதான். திறந்த வெளியில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து மெதுவாக ரேஸ் கொடுத்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் இன்ஜின், பெல்ட், புகைக்குழாய் பக்கம் தேட வேண்டும். ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் பக்கம் சந்தேகம் போகும்.

பிறகு சத்தத்தின் குணத்தைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்டு, இன்ஜின் சூடானதும் குறைந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டும் தகரம் அதிர்வதுபோல் கேட்டால், பெரும்பாலும் புகைக்குழாயின் ஹீட் ஷீல்டு தளர்ந்திருக்கும். ஒரு கிளாம்பில் முடிகிற வேலை அது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் தொடர்ந்து, வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் ரீங்காரம் வீல் பேரிங்குடையது. வளைவில் மிதிக்கும்போது ‘கட கட’ என்றால் சி.வி. ஜாயின்ட். வண்டி கிளம்பும்போது ‘தொம்’ என்று ஓர் இடி விழுந்தால் இன்ஜின் மவுன்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 2: கடல் தண்ணீர் படாத காருக்கு உப்பால் கேடில்லை.

உண்மை: அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து காரின் அடியில் உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோர இரவுகளில் இது சர்வசாதாரணம். கார் ஓடாமல் நின்றாலும் துரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

உள்ளிருந்தும் ஒரு தாக்குதல் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் காரில் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தேங்கி, தகட்டை அரிக்கும். காலையில் குழாய் நுனியில் நீர் சொட்டுவது இயல்பே. கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, வெண்புகையும் நிற்காமல் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். சில சைலன்சர்களின் அடியில் இருக்கும் சிறு துளை, தண்ணீர் வடிவதற்காகவே வைத்தது. துரு ஓட்டை என்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை செங்கல்பட்டு வரை நிறுத்தாமல் ஓட்டிவந்தால் உள்ளே தேங்கிய ஈரம் வெளியேறிவிடும்.

நம்பிக்கை 3: அடியில் கோட்டிங் அடித்துவிட்டால் துருக் கவலை தீர்ந்தது.

உண்மை: அந்தப் பூச்சு பாடியின் அடித்தகட்டுக்கு உரியது. புகைக்குழாயின் சூட்டில் அது கருகிப் புகையும். உப்பைக் கழுவாமல் மேலே பூசினால் துரு உள்ளே மறைந்து வளரும். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுவதே முதல் வைத்தியம். கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கிறது. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்புதான் சேரும்.

நம்பிக்கை 4: புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் சத்தம்தான், ஆபத்தில்லை.

உண்மை: உயிரை வாங்கக்கூடிய நம்பிக்கை இதுதான். இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காருக்கு அடியில் கசிந்தால் தரையின் இடுக்குகள் வழியாக உள்ளே ஏறலாம். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் தெரிந்தால் கண்ணாடிகளை இறக்கி, வண்டியை ஓரங்கட்டி, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி தவறாகக் கணக்கிட்டுக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும், மைலேஜும் குறையும்.

நம்பிக்கை 5: ஒரு வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும்.

உண்மை: சுற்றியுள்ள தகடு கெட்டியாக இருந்தால் வெல்டிங் நிற்கும். துருவேறி மெலிந்த தகட்டில் வைத்த ஒட்டு, பக்கத்திலேயே மறு ஓட்டைக்கு வழிவிடும். அங்கே அந்தப் பகுதியை மாற்றுவதே சிக்கனம். ஆர்க் வெல்டிங் செய்யும்முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகலாம்.

நம்பிக்கை 6: பவர் பெட்ரோல் போட்டால் இன்ஜின் சத்தம் அடங்கிவிடும்.

உண்மை: மேம்பாலம் ஏறும்போது ‘கிணி கிணி’ என்று கேட்பது நாக்கிங். உயர்ந்த கியரிலேயே வண்டியை இழுக்கவைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கியரைக் குறைத்துப் பாருங்கள். காரின் கையேடு கேட்கும் ஆக்டேன் அளவுக்கு மேல் போடுவதால் பெரிய பலனில்லை. தேய்ந்த பேரிங்கையோ கிழிந்த கேஸ்கெட்டையோ எந்தப் பெட்ரோலும் சரிசெய்யாது.

நம்பிக்கை 7: சத்தம் பெரிதானால் பிக்கப்பும் பெரிது.

உண்மை: சைலன்சரைக் கழற்றிவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டுகிறவர்கள் காது கிழியும் சத்தத்தை வேகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். புதுக் காருக்கான ஒலிச் சோதனை மிதிக்கும்போதுதான் நடக்கிறது: முழு ஆக்சிலரேட்டரில் கடக்கும் வண்டியை 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். அந்தச் சோதனையில் தேறும் அமைதியோடும் முழுத் திறனோடும்தான் கார் வடிவமைக்கப்படுகிறது. ஒலி, புகை வரம்பை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது சத்தத்தை செல்போனில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். குளிர்ந்த இன்ஜினிலா சூட்டிலா, எந்த கியரில், எந்த வேகத்தில், காலை எடுத்தால் நிற்கிறதா என்று சொல்லுங்கள். அவரையும் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக்காட்டி, பிறகு காரை லிஃப்டில் ஏற்றிக் கோளாறைக் கண்ணால் பாருங்கள். பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். காருக்குள் புகை நாற்றம் வந்தாலோ, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம்: அங்கேயே நிறுத்திவிட்டு, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.